வெயிலிலேயே குளிரும் வெள்ளைப் பெயின்ட்: நம்ம ஊர் ஈரப்பதத்தில் எடுபடுமா?

சோதனைக்குழாய் கேட்டது:

வணக்கம். உயர்நிலை மூன்று மாணவர்கள் நால்வர் பள்ளி அறிவியல் திட்டத்துக்கு ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டோம் என்கிறார்கள். நேர் வெயிலில் கிடந்தபடியே சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும் மேற்பூச்சுதான் அது. மின்சாரம் வேண்டாம், பம்ப் வேண்டாம், வெப்பத்தை நேராக வானத்துக்கு அனுப்பிவிடுமாம்.

2014இல் ஸ்டான்ஃபர்ட் குழு கலிஃபோர்னியாவில் கூரைமேல் வைத்த தகடு காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்தது. 2021இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் பேரியம் சல்பேட் பெயின்ட் 98.1% சூரிய ஒளியை எதிரொளித்தது. இரண்டும் நம்மைப்போல் நசநசவென்று வியர்க்கும் ஊரில் செய்தவை அல்ல.

கேட்க விரும்புவது:
1. சிங்கப்பூரில் இது உண்மையிலேயே நடக்குமா, அல்லது ஈரப்பதம் கெடுத்துவிடுமா?
2. பள்ளி ஆய்வுக்கூடத்தில் கொஞ்சமாகக் கலக்க முடியுமா? அளவு என்ன?
3. நடுவர் "தெர்மாமீட்டரை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டால் தடுமாறாமல் இருக்க எப்படி அளப்பது?
4. மேற்கு வெயில் அடிக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இதை அடித்தால் ஏர்கான் செலவு குறையுமா? (இது பெற்றோர் ஒருவரின் கேள்வி.)

---

வெப்பக்கணக்கு:

முதலில் கணக்கைப் போடுவோம், பெயின்ட் டப்பாவை அப்புறம் திறக்கலாம்.

30 டிகிரியில் இருக்கும் பரப்பு சதுர மீட்டருக்கு 478 வாட் வரை அகச்சிவப்புக் கதிராக விட்டுக்கொண்டே இருக்கும். வானமும் சும்மா இருப்பதில்லை, கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. கொடுத்ததில் வந்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நம் குளிர்ச்சி. காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் பெரும்பாலான அகச்சிவப்பு அலைநீளங்களை மறித்துவிடும். 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை மட்டும் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. நல்ல வேளையாக, 30 டிகிரிப் பொருளின் கதிர்வீச்சு உச்சமும் 9.6 மைக்ரோமீட்டரில், அந்தச் சன்னலுக்குள்ளேயே விழுகிறது.

அந்தச் சன்னலுக்குத் திரை போடுவது நீராவி. மேகமற்ற வானம் எவ்வளவு வெப்பம் திருப்பி அனுப்பும் என்பதைப் பனிப்புள்ளியை (காற்றிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலையை) வைத்துக் கணிக்கும் சூத்திரம் ஒன்று 1980களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பனிப்புள்ளி 0 டிகிரி உள்ள பாலைவனக் காற்றுக்கு அதைப் போட்டால், 95% கதிர்வீசும் பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு 130 வாட் மிஞ்சும். நம் ஊரின் வழக்கமான பனிப்புள்ளி 24 டிகிரி. அதற்குப் போட்டால் மிஞ்சுவது 50 வாட்தான். தாழ்ந்த அடர்மேகம் மூடினால் 10, 15 வாட்டுக்கு இறங்கிவிடும்.

இப்போது வெயிலைச் சேருங்கள். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட். எதிரொளிப்பில் 1% குறைந்தால் 10 வாட் உள்ளே வரும். ஆக, 95% எதிரொளிக்கும் பூச்சு நம் ஊரில் நண்பகலில் வரவும் செலவும் சரியாகி, காற்றின் வெப்பநிலையிலேயே நிற்கும். 98% இருந்தால் 30 வாட் கைக்கு மிஞ்சும், காற்றைவிட 2, 3 டிகிரி குறையலாம். 90% என்றால் காற்றைவிடச் சூடாகத்தான் இருக்கும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: நடக்கும், ஆனால் நூலிழை வித்தியாசத்தில். வெறும் ஊகம் இல்லை இது. கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2018இல் துளைகள் நிறைந்த பாலிமர்ப் பூச்சை அரிசோனாவில் வைத்தபோது 6 டிகிரி குறைந்தது. அதே பூச்சை ஈரம் மிகுந்த வங்காளதேசத்தில் வைத்தபோது 3 டிகிரி. ஏறத்தாழப் பாதி.

இன்னொன்றை மாணவர்கள் தவறவிடக் கூடாது. "காற்றைவிடக் குளிர்ந்தது" என்பது தலைப்புச் செய்திக்கு நன்றாக இருக்கும். வீட்டுக்கு அது முக்கியமே இல்லை. 30% மட்டும் எதிரொளிக்கும் சாம்பல் கூரை 700 வாட்டை விழுங்கி 60 டிகிரியைத் தொடும். அதே கூரை 90% எதிரொளித்தால் விழுங்குவது 100 வாட். காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருந்தாலும் 600 வாட்டைத் தடுத்துவிட்டதே! திட்ட அறிக்கையில் இரண்டு ஒப்பீட்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: காற்றோடு ஒன்று, சாதாரணக் கூரையோடு ஒன்று.

இரவுச் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. பர்டூ பெயின்ட் இரவில் 10 டிகிரிக்கு மேல் குளிர்ந்ததாகப் படித்திருப்பீர்கள். இங்கே அதை எதிர்பார்க்காதீர்கள். இரவுக் காற்று 26, பனிப்புள்ளி 24 என்றால் தகடு 24ஐத் தொட்டதும் அதன்மேல் பனி கோக்கத் தொடங்கும். நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் தகட்டை அங்கேயே பிடித்து நிறுத்திவிடும். மார்கழியில் புல் நுனியில் நீர் கோப்பதும் இதே கணக்குதான். 1775இல் ராபர்ட் பார்க்கர் என்பவர், அலகாபாத் பக்கம் ஆழமில்லாத மண்தட்டுகளில் நீர் ஊற்றி, வைக்கோல் பரப்பிய குழியில் இரவெல்லாம் வைத்துப் பனிக்கட்டி எடுத்ததை எழுதிவைத்திருக்கிறார். வட இந்தியக் குளிர்காலத்தின் வறண்ட தெளிந்த வானம் அதற்குத் துணை. ஜூரோங்கில் வைக்கோல் பரப்பினால் கொசுதான் மிஞ்சும்.

---

பெயின்ட்_பட்டறை:

2ஆம் கேள்விக்கு நான் வர்றேன். கலக்கலாம், கஷ்டமில்லை. ஆனா பெயின்ட் டப்பாவுல பொடியைக் கொட்டிக் கிளறுற வேலை இல்லை இது.

ஏன் பேரியம் சல்பேட்? சாதாரண வெள்ளைப் பெயின்ட்ல இருக்கிற டைட்டேனியம் டை ஆக்சைடு ஒளியைச் சிதறடிக்கிறதுல கெட்டிக்காரன், ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும்ங்கிற அளவு) 2.7. ஆனா 410 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாவை விழுங்கிடும். அதனாலயே நல்ல வெளிச்சுவர் வெள்ளைகூட 80, 85 சதவீதத்துல நின்னுடுது. பேரியம் சல்பேட்டும் கால்சியம் கார்பனேட்டும் புற ஊதாவைத் தொடுறதில்லை. குறை என்னன்னா, அதுங்க ஒளிவிலகல் எண் 1.6 சொச்சம். அக்ரிலிக் பசைக்கு 1.49. வித்தியாசம் ரொம்பக் குறைவுங்கிறதால சிதறலும் குறைவு. அதை ஈடுகட்டத்தான் பொடியை 60% கன அளவுக்கு ஏத்தி, 400 மைக்ரோமீட்டர் தடிப்புக்கு அடிக்கிறாங்க. சாதாரணப் பூச்சைவிட நாலஞ்சு மடங்கு தடிப்பு.

50 × 50 செ.மீ. பரப்புக்கு, அதாவது 20 × 20 செ.மீ. தகடு ஆறுக்கு ஒரு கலவை:

பேரியம் சல்பேட் பொடி 270 கிராம்
அக்ரிலிக் எமல்ஷன், 50% திடப்பொருள் உள்ளது, 92 கிராம்
காய்ச்சி வடித்த நீர் 70 மி.லி.
சோடியம் பாலிஅக்ரிலேட் (பொடி திரளாம பிரிச்சு வைக்க) 1.3 கிராம்
ஹைட்ராக்ஸிஎதில் செல்லுலோஸ் (அடியில படியாம இருக்க) 0.3 கிராம்
நுரைநீக்கி 2, 3 சொட்டு

கால்சியம் கார்பனேட்டை வைச்சும் ஒரு தொகுதி போடணும்னா பொடியை மட்டும் 162 கிராமாக்குங்க. கால்சியம் கார்பனேட்டோட அடர்த்தி 2.7, பேரியம் சல்பேட்டோடது 4.5. கன அளவு சமமா இருக்கணும், எடை இல்லை. எடையைச் சமமா வைச்சா ஒப்பீடே தப்பாப் போயிடும்.

பொடியைப் பொறுத்து ஒரு எச்சரிக்கை. சுரங்கத்துல வெட்டி அரைச்ச பேரைட் சாம்பல் ஓடும், துகளும் பெரிசு. வேதிமுறையில வீழ்படிவா எடுத்ததுதான் வேணும். ஓவியப் பொருள் கடையில "பிளாங்க் ஃபிக்ஸ்"னு கேட்டா தெரியும். துகள் அளவு ஒரு மைக்ரோமீட்டரைச் சுத்தி, சிறிசும் பெரிசுமாக் கலந்திருந்தா நல்லது. ஒவ்வொரு அளவும் வேற வேற அலைநீளத்தைச் சிதறடிக்கும்.

பாதுகாப்பு: பேரியம் சல்பேட் நீரில் கரையாது, எக்ஸ்ரேக்கு முன்னாடி குடிக்கக் கொடுக்கிறதே அதுதான். பேரியம் கார்பனேட், பேரியம் குளோரைடு ரெண்டும் விஷம். பாட்டில் லேபிளை ஆசிரியர் ஒருத்தர் தன் கண்ணால படிச்சுப் பார்க்கணும். பொடி தூக்கும்போது தூசி முகக்கவசம் கட்டாயம்.

கலக்குற வரிசை முக்கியம். முதல்ல நீர், அதுல பாலிஅக்ரிலேட். வேகமாக் கிளறிக்கிட்டே பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவுங்க. 20, 30 நிமிஷம் வேகக் கிளறல். அப்புறம் வேகத்தைக் குறைச்சு செல்லுலோஸ், கடைசியா எமல்ஷன், நுரைநீக்கி. எமல்ஷனை முதல்லயே ஊத்தி மிக்ஸி வேகத்துல அடிச்சா நுரை பொங்கும், பசை திரண்டு தயிர் மாதிரி ஆயிடும். ஒரு ராத்திரி மூடி வைச்சு குமிழி போகவிடுங்க. பள்ளியில இருக்கிற வெள்ளைப் பசையை எமல்ஷனுக்குப் பதிலா ஊத்த வேண்டாம், முதல் மழையில கரைஞ்சு ஓடிடும்.

அடிக்கிறது: அலுமினியத் தகட்டை 240 நம்பர் உப்புத்தாளால தேய்ச்சு, ஆல்கஹால்ல துடைங்க. ரெண்டு ஓரத்துலயும் மாஸ்கிங் டேப் ரெண்டு அடுக்கு ஒட்டி, நடுவுல பெயின்ட்டை ஊத்தி, ஸ்டீல் ரூலரால ஒரே இழுப்பு. ஈரமா இருக்கும்போது 250 மைக்ரோமீட்டர், காய்ஞ்சா 115க்கு வரும். நாலு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல ஒரு நாள், ஏர்கான் அறையில காய வையுங்க. நம்ம ஊர் 80% ஈரப்பதத்துல வெளியே வைச்சா மேல காய்ஞ்சு உள்ளே ஈரமாவே நிக்கும். கடைசியில எடை போடுங்க: 20 × 20 தகடு 45 முதல் 50 கிராம் வரைக்கும் கூடியிருக்கணும். 30 கிராம்தான் ஏறியிருக்குன்னா தடிப்பு பத்தலை.

என்ன கெடும்? முக்கியமா, காய்ஞ்ச ஏரி மண்ணு மாதிரி வெடிக்கும். 60% பொடிங்கிறது பசை எல்லாத் துகளையும் சுத்திப் பிடிக்கிற எல்லையைத் தாண்டின அளவு. ஒரே தடவையில தடிமனா ஊத்தினா சுருங்கும்போது பிடிமானம் இருக்காது. மெல்லிசா அடிச்சும் வெடிச்சா 50%க்கு இறங்குங்க: பொடி 225, எமல்ஷன் 115. எதிரொளிப்பு கொஞ்சம் குறையும், பூச்சு நிக்கும். ரெண்டாவது, விரலால தேய்ச்சா சாக்பீஸ் மாதிரி ஒட்டும். அதுவும் பசைக் குறைவுதான். மூணாவது, ஒவ்வொரு பூச்சுக்கு முன்னாடியும் கிளறலைன்னா பொடி அடியில உக்கார்ந்து, மேல வெறும் பசைதான் வரும்.

---

மாடி12:

3ஆம் கேள்விக்கு, அதாவது அளப்பதற்கு, கையில பிடிக்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தகட்டுமேல் காட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடுமே. காணொளிகளில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

---

சோதனைக்குழாய்:

மிக்க நன்றி. மாணவர்களில் ஒருத்தி கேட்கிறாள்: ஊரில் தாத்தா வீட்டு மொட்டை மாடிக்கு வெயில் காலத்துக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? இன்னொரு சந்தேகம்: மழையில் நனைந்தால் என்ன ஆகும்? மாடி12 சொல்வதற்கும் பதில் வேண்டும்.

---

தெர்மோகப்பிள்:

மாடி12 அவர்களுக்கு: அந்தக் கருவி வெப்பநிலையை அளப்பதில்லை, 8 முதல் 14 மைக்ரோமீட்டர் கதிரை அளந்து, பொருளின் கதிர்வீச்சுத் திறன் 0.95 என்று தானே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. பெயின்ட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். பூச்சில்லாத அலுமினியத்தின் திறன் 0.1கூட இருக்காது. அதன்மேல் காட்டினால் தகட்டில் தெரியும் வானத்தின் பிம்பத்தைத்தான் அளப்பீர்கள். கொதிக்கும் தகடு சில்லென்று இருப்பதாகக் காட்டும். காணொளிகளில் பாதி இந்தக் கூத்துதான்.

அந்தக் கருவிக்கு வேறு நல்ல வேலை உண்டு. சூரியனைத் தவிர்த்து, வானத்தை நோக்கிக் காட்டுங்கள். தெளிந்த நீலத்தில் ஓர் எண், மேகத்தில் ஓர் எண் காட்டும். சன்னல் அன்று எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு அந்த வித்தியாசம் மலிவான அளவுகோல். ஒவ்வொரு அரை மணிக்கும் குறித்து வையுங்கள். தகட்டின் வெப்பநிலை ஏன் ஏறி இறங்கியது என்று பிற்பாடு விளக்க அது ஒன்றே போதும்.

தகட்டை அளக்க டிஎஸ்18பி20 உணரி போதும், பிழை அரை டிகிரி. ஆனால் நீங்கள் தேடும் வித்தியாசமே 2 டிகிரி என்பதால், எல்லா உணரிகளையும் ஒரே வாளி நீரில் 15 நிமிடம் போட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று எழுதிக்கொண்டு பிறகு கழித்துவிடுங்கள். உணரியைத் தகட்டின் அடிப்புறம் நடுவில், வெப்பப் பசை தடவி, அலுமினியப் பட்டையால் ஒட்டவும். அதன்கீழ் 5 செ.மீ. பாலிஸ்டைரின். மீன் பெட்டி வெட்டியும் செய்யலாம். பெட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகவோ பளபளப்பாகவோ இருக்கட்டும்.

காற்று தகட்டைத் தடவிக்கொண்டே இருந்தால் அதைத் தன் வெப்பநிலைக்கு இழுத்துவிடும். அதைத் தடுக்க மேலே மெல்லிய உறை போடுவார்கள். அது பாலிஎதிலீனாக இருக்க வேண்டும், அகச்சிவப்பு அதன் வழியே போகும். சமையலறை உறையில் பிவிசி வகையும் உண்டு, பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கண்ணாடி, அக்ரிலிக் தகடு போட்டால் சன்னலையே சாத்தியதாகிவிடும். உறையோடு ஒரு நாள், உறையில்லாமல் ஒரு நாள் அளப்பது நல்லது. உண்மைக் கூரைக்கு யாரும் உறை போடப்போவதில்லை.

ஆனால் பெரும்பாலான பள்ளித் திட்டங்கள் விழும் இடம் தகடு அல்ல, காற்றின் வெப்பநிலை. காற்றை அளக்கும் உணரி வெயிலில் நின்றால் 4, 5 டிகிரி கூடக் காட்டும். பிறகு எந்தச் சாதாரணப் பூச்சும் "காற்றைவிடக் குளிர்ந்தது" ஆகிவிடும்! வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஆறேழைக் கவிழ்த்து, இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் உணரியைத் தொங்கவிடுங்கள். காற்று உள்ளே ஓடவேண்டும், வெயில் படக் கூடாது. தகட்டின் உயரத்திலேயே, ஒரு மீட்டர் தள்ளி.

ஒப்பீட்டுத் தகடுகளில் ஒன்றை மறக்கவே வேண்டாம்: கருப்பு அடித்த தகட்டின்மேல் உங்கள் பூச்சு. அலுமினியம் தானே பளபளப்பு, மெல்லிய பூச்சுக்கு அது கடன் கொடுத்துவிடும். கருப்பின்மேல் அடித்ததும் அலுமினியத்தின்மேல் அடித்ததும் ஒரே வெப்பநிலை காட்டினால்தான் எதிரொளிப்பு முழுக்கப் பெயின்ட்டுடையது. கருப்பு அடித்தளம் சூடாக இருந்தால் தடிப்பு போதவில்லை.

இடம்: வீவக நடைபாதை வேண்டாம். எதிர் புளோக்கின் சுவர் 33 டிகிரியில் நின்று அதே அலைநீளத்தில் உங்கள் தகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளித் திடலின் நடுப்பகுதி, அல்லது அனுமதி வாங்கிப் பள்ளி மேல்தளம். நேரம்: நமக்கு உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல, 1 மணியை ஒட்டித்தான். 11.30 முதல் 3 வரை, நிமிடத்துக்கு ஒரு பதிவு, குறைந்தது ஐந்து நாள். பிற்பகல் இடிமழை ஒன்றிரண்டு நாளை விழுங்கிவிடும் என்பதால் பத்து நாளை ஒதுக்குங்கள். இடி முழங்கினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.

---

பெயின்ட்_பட்டறை:

சுண்ணாம்புக் கேள்வி கேட்ட பொண்ணுக்கு ஒரு சபாஷ். நீர்த்த சுண்ணாம்பு சுவர்ல காயும்போது காத்துல இருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கிட்டு கால்சியம் கார்பனேட்டா மாறுது. பர்டூ குழு 2020இல், பேரியத்துக்கு முன்னாடி செய்த பெயின்ட்டோட நிறமியும் கால்சியம் கார்பனேட்தான், 95.5% வந்தது. பொருள் ஒண்ணு, தடிப்பும் துகள் அளவும் வேற. சுண்ணாம்பு ஒரு கோட்டு மெல்லிசா இருக்கும், அடியில இருக்கிற சிமென்ட் நிறம் தெரியும். அதையும் ஒரு தகடாச் சேர்த்துக்கோங்க. செலவே இல்லை. சுண்ணாம்பு கையை அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கணும்.

நனைஞ்சா? வெள்ளை வேட்டி நனைஞ்சா உள்ளே தெரியுதே, அதேதான். துகள்களுக்கு நடுவுல இருக்கிற காத்துப் பொத்தல்ல நீர் புகுந்துடும். காத்தோட ஒளிவிலகல் எண் 1, நீரோடது 1.33. துகளுக்கும் சுத்தி இருக்கிறதுக்கும் வித்தியாசம் குறைஞ்சதும் சிதறல் குறையும், வெளுப்பு மங்கும். ஆண்டுக்கு 2100 மி.மீ. மழை பெய்யிற ஊர்ல இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம் பாசி. பசை குறைவான பூச்சு ஈரத்தை உறிஞ்சி வைச்சுக்கும், கருப்புக் கோடு இறங்கும். 98% எல்லாம் ஆய்வுக்கூடத்து முதல் நாள் எண்தான்.

---

வெப்பக்கணக்கு:

நனைவது தொல்லை என்று பெயின்ட்_பட்டறை சொல்லிவிட்டார். அதையே தலைகீழாகத் திருப்பிய வேலை ஒன்று இங்கேயே நடந்திருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு 100 மி.லி. நீர் ஆவியானால் 67 வாட் வெப்பத்தைக் கொண்டுபோகும். வானத்துச் சன்னல் நமக்குத் தரும் 50 வாட்டைவிட அது அதிகம். மழையில்லாத பிற்பகலில் நம் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்குவதால் ஆவியாவதற்கு இடமும் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2025இல் வெளியிட்ட சிசிபி-30 என்ற சிமென்ட் அடிப்படைப் பெயின்ட் இதைத்தான் செய்கிறது. மழைநீரை நுண்துளைகளில் பிடித்துவைத்து, வெயிலில் மெதுவாக விடுகிறது. எதிரொளிப்பு நனைந்த நிலையிலும் 88 முதல் 92% என்று சொல்கிறார்கள். 98ஐவிடக் குறைவுதான், ஆனால் இந்த ஊருக்கேற்ற சமரசம். சிங்கப்பூரிலேயே மூன்று சிறு வீடுகளுக்குச் சாதாரண வெள்ளை, கடையில் கிடைக்கும் குளிர்ப் பெயின்ட், இது என்று அடித்து இரண்டாண்டு விட்டுப் பார்த்தார்கள். மற்ற இரண்டும் மஞ்சளித்தன, இது வெள்ளையாகவே நின்றது. ஏர்கான் மின்சாரம் 30 முதல் 40% மிச்சம் என்பது அந்தச் சிறு வீடுகளின் கணக்கு. சிறு வீட்டுக்குக் கன அளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு அதிகம் என்பதை மறக்காமல் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு எளிய வழி: ஒரு தகட்டின்மேல் உங்கள் பூச்சு, இன்னொன்றின்மேல் வெள்ளைச் சிமென்ட்டும் நுண்மணலும் கலந்த 5 மி.மீ. படலம். இரண்டிலும் 20 மி.லி. நீர் தெளித்து, அரை மணிக்கு ஒருமுறை எடை போட்டுக்கொண்டே வெப்பநிலையையும் பதியுங்கள். குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 2400 ஜூல். எடையிலிருந்தே வாட் வந்துவிடும். இந்தச் சோதனையின்போது பாலிஎதிலீன் உறை கூடாது, ஆவி போக வழி வேண்டும்.

---

தெற்குச்சுவர்:

4ஆம் கேள்வி, பெற்றோருக்கு.

வீட்டுக்குள் இருக்கும் சுவரில் அடித்து எந்தப் பயனும் இல்லை. வெயில் படுவது வெளிப்பக்கம். வெளிச்சுவரும் கூரையும் பொது நடைபாதையும் நகர மன்றத்தின் பொறுப்பு, குடியிருப்பவர் தாமாக அடிக்க முடியாது. நடு மாடி வீட்டுக்குக் கூரை என்பதே மேல் வீட்டுக்காரரின் தரை. ஆகவே கூரைப் பெயின்ட்டின் லாபம் மேல்மாடிக்கும் தனிக்கூரை உள்ள தரைவீட்டுக்கும்தான். துவாஸ் பக்கத் தொழிற்கூடங்களின் தகரக் கூரைக்கு இன்னும் நல்லது.

வட்டார அளவில் இது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தெம்பனிஸில் 130 புளோக்குகளுக்குக் குளிர்ப் பெயின்ட் அடிக்கும் முன்னோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. நன்யாங் குழு ஒன்று மேற்கே ஒரு தொழிற்பேட்டையில் கூரை, சுவர், தெரு எல்லாவற்றுக்கும் பூசி, பூசாத பக்கத்துத் தெருவோடு ஒப்பிட்டது. மிகச் சூடான நேரத்தில் 2 டிகிரி வரை குறைவு, நடந்துபோகிறவருக்கு 1.5 டிகிரி வரை குளிர்ந்ததுபோல் உணர்வு. இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. கூரை எதிரொளித்தது வானத்துக்குப் போகும். சுவர் எதிரொளித்ததில் ஒரு பகுதி எதிர்வீட்டுச் சன்னலுக்கும் நடப்பவர் கண்ணுக்கும் போகும். நெருக்கமான புளோக்குகளுக்கு இடையே சுவருக்கு அப்பட்ட வெள்ளையைவிட, அகச்சிவப்பை மட்டும் எதிரொளிக்கும் வெளிர்நிறம் மேல் என்பது என் கருத்து. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில்தான் வருகிறது.

குளிர் நாடுகளில் இந்தப் பெயின்ட்டுக்கு ஒரு சாபம் உண்டு: கோடையில் மிச்சம் பிடித்ததைக் குளிர்காலத்தில் சூடேற்றும் செலவு தின்றுவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை.

அந்தப் பெற்றோர் இப்போதைக்குச் செய்யக்கூடியது மேற்குச் சன்னலில்தான் இருக்கிறது. உள்ளே திரைச்சீலை போட்டால் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். கண்ணாடியை ஒட்டினாற்போல் உள்ளேயே, வெளியே பார்க்கும் பக்கம் வெள்ளையாகவோ வெள்ளி நிறமாகவோ இருக்கும் மறைப்பு போட்டால், வந்த ஒளியில் ஒரு பகுதியாவது கண்ணாடி வழியே திரும்பிப் போகும்.

---

சோதனைக்குழாய்:

தகடுகளின் பட்டியலை இப்படி வைத்துக்கொள்கிறோம்: பேரியம் பூச்சு அலுமினியத்தில் ஒன்று, கருப்பில் ஒன்று, கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு, கடைப் பெயின்ட், சாம்பல் சிமென்ட். மொத்தம் ஆறு, காற்றுக்கு ஏழாவது உணரி. ஈரச் சோதனை தனி நாளில்.

---

தெர்மோகப்பிள்:

சரியாக இருக்கிறது. ஒன்றே ஒன்று: ஆறு தகடுகளின் இடத்தையும் தினமும் சுழற்சியாக மாற்றுங்கள். ஓரத்தில் இருப்பதற்குக் காற்று அதிகம் படும். ஒரே இடத்தில் வைத்தால், பூச்சினால் வந்த வித்தியாசமா இடத்தினால் வந்ததா என்று பிரிக்க முடியாது. கடைப் பெயின்ட்டையும் அதே 400 மைக்ரோமீட்டருக்கு அடியுங்கள்.